தெருக்குழாயில் வந்த தூக்கம்

எட்டு நாளைக்கு ஒருதடவை தண்ணி வர்ற தெரு எங்க தெரு. அதனால எங்களுக்கு ஞாயிறு திங்கள்னு கிழமை கிடையாது, தண்ணி வந்த நாள், அதுக்கு மறுநாள், தண்ணிக்கு முந்தின நாள், இப்படித்தான் எண்ணுவோம், கல்யாணத்துக்கு நாள் குறிச்சாலும் சரி, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நட்டாலும் சரி, முதல்ல என்கிட்ட வந்து அன்னைக்குத் தண்ணி உண்டான்னு கேட்டுட்டுத்தான் மத்த வேலை. என்கிட்ட ஏன் கேட்கணும்னா, குழாய் இருக்கிறது என் வீட்டு வாசல்ல, முப்பத்திரண்டு வீட்டுக்கும் முறை போடுறது நான். குடத்து வயித்துல சாக்பீஸால நம்பர் எழுதி வரிசையில வச்சுட்டேன்னா, அது யார் வீட்டுக் குடமா இருந்தாலும் அந்த வரிசையிலதான் நகரணும். எஸ்தர் வாயைத் திறந்தா குழாய் மூடிக்கிடும்னு என்னைப் பத்திப் பின்னால பேசுவாளுக. பேசட்டும், பேசுறவளுக குடமும் நிறைஞ்சுதானே இருக்கு.

அந்தக் குழாயில, சித்திரை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கையில, ராத்திரி ரெண்டு நாப்பதுக்குத் தூக்கம் வந்தது.

எனக்குக் காது எப்பவும் குழாய்ப் பக்கம்தான், ஆனா அன்னைக்கு நான் சத்தம் கேட்டு எந்திரிக்கலை, சத்தம் நின்னதுக்குத்தான் எந்திரிச்சேன், தெரு நாய் ஆறும் ஒரே நேரத்துல குரைக்கிறதை நிறுத்தினா யாருக்குத்தான் முழிப்பு வராது. வெளிய வந்து பார்த்தா குழாயில என்னமோ ஒழுகுது, அரிசி களைஞ்ச தண்ணி நிறத்துல, வெதுவெதுன்னு, சிமெண்டுத் தரையில விழுந்தாலும் ஓசையில்லாம. வந்ததை விடுற பழக்கம் எங்க தெருவுக்குக் கிடையாது. என்னன்னு பிறகு பார்த்துக்கிடலாம், முதல்ல பிடிப்போம்னு ரெண்டு குடம் பிடிச்சேன், கால்மணி நேரத்துல நின்னுருச்சு, மிச்சமெல்லாம் சாக்கடையில ஓடி, சாக்கடையோரம் கிடந்த நாய், ஆடு, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல்னு எல்லாம் மறுநாள் உச்சிவெயில் வரைக்கும் அசையாமக் கிடந்துச்சு. நான் முகத்துல ஒரு கை அள்ளி அடிச்சுப் பார்த்தேன். படியில உட்கார்ந்தது ஞாபகம் இருக்கு. பால்காரர் மணியடிச்சு எழுப்புறப்ப மணி ஏழு.

தூக்கம் வராத ஆள் எந்த வீட்டுலதான் இல்லை, ரெண்டு குடத்தையும் நாலு வீட்டுக்குப் பங்கு வச்சுக் கொடுத்தேன், மறுநாள் நாலு வீட்டுலயும் ஒரே கனவைச் சொன்னாங்க, நான் கண்டதும் அதே கனவுதான். ஒரு வீட்டுக்குள்ள ஏழு வேலை தொடங்கியிருக்கு, ஒண்ணும் முடியலை, அடுப்புல பால் பொங்குது, தரையில மிக்ஸி பிரிச்சுக் கிடக்குது, ஜன்னலுக்குப் பாதி பெயிண்ட் அடிச்சிருக்கு, நடுவுல நின்னுக்கிட்டு சாவி எங்க, சாவி எங்கன்னு தேடிக்கிட்டே இருக்கோம். இஸ்திரி போடுற ராமர் அந்தத் தூக்கத்துல ஒரு செம்பு எடுத்துக் காலைக் கழுவினவர், அந்த வாரம் பூரா சட்டைக்கு ஒரு கைதான் தேய்ச்சுக் கொடுத்தார். இதுக்கு மேல ஜோசியர்கிட்டப் போகணுமாக்கும். பாதியில நிக்கிற வேலையும் தொலைஞ்ச சாவியும் எங்க தெருவுல ஒரே ஒரு வீட்டுச் சொத்து. குழாயில வந்தது கனியோட தூக்கம்.

கனின்னா சண்முகக்கனி, பள்ளிக்கூட வேன் ஓட்டுறவ, முப்பத்தாறு வயசு. எனக்கு எதிர்வீட்டுக்குப் பக்கத்து வீடு. அவ வீட்டுக்காரர் பால்ராஜ் வெல்டிங் பட்டறைக்காரர், தலை சாய்ச்சா கட்டை மாதிரி தூங்குவார், அந்த வீட்டுத் தூக்கத்தையெல்லாம் அவரே வாங்கிட்டார்னு நாங்க கேலி பண்ணுவோம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி திருநெல்வேலியில ஒரு டாக்டரம்மாதான் கனிக்கு இருக்கிறது ஏ.டி.எச்.டி.ன்னு பேர் சொன்னாங்க, கவனம் ஒரு இடத்துல நிக்காத மூளை, பிறவியிலயே அப்படி, சோம்பலும் இல்லை, திமிரும் இல்லைன்னு. அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு என் வீட்டுப் படியில உட்கார்ந்து அழுதா. முப்பத்திநாலு வருஷமா அவளைச் சோம்பேறி, அரைக்கிறுக்கின்னு சொன்னவங்க வரிசையில நானும் உண்டு, அதுலயும் என் குடம் முன்னாலதான். அன்னைக்கு எனக்கு ரொம்பக் கேவலமா இருந்துச்சு.

மாத்திரை பகலுக்குக் கைகொடுத்துச்சு, ராத்திரிதான் அடங்கலை. ஊரெல்லாம் பாயை விரிக்கிற நேரத்துல அவ மூளை கடை திறக்கும், பத்து மணிக்கு மசால் டப்பாவையெல்லாம் இறக்கித் துடைப்பா, பதினோரு மணிக்கு அதை விட்டுட்டுப் பழைய போட்டோ தேடுவா, பன்னிரண்டுக்கு மிக்ஸியைப் பிரிப்பா, பிறகு போனைக் கையில எடுத்தான்னா மூணு மணி. அஞ்சரைக்கு எந்திரிச்சு வேனுக்கு ஓடணும். ஆனா வேன்ல ஏறிட்டா அவளை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது. “ஸ்டியரிங்கப் பிடிச்சா மட்டும் என் மனசு ஒரே இடத்துல நிக்குதுக்கா”ன்னு என்கிட்டச் சொல்லியிருக்கா.

பங்குனியில ஒருநாள் ரயில்வே கேட்டுல வண்டியை நிறுத்தினவ, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு அப்படியே தூங்கிட்டா. கேட் திறந்து, பின்னால நின்ன வண்டியெல்லாம் ஆரன் அடிச்சு, கடைசியில மூணாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு தோளைத் தட்டித்தான் முழிச்சிருக்கா. வண்டிக்குள்ள பதினாலு பிள்ளைங்க. ஒண்ணும் ஆகலை, யாரும் பார்த்துக் கோள் சொல்லவும் இல்லை. அவளே நேரா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாவியை ஹெட்மிஸ்ட்ரஸ் மேசை மேல வச்சுட்டு, இனி நான் ஓட்டக் கூடாதும்மான்னு சொல்லிட்டு வந்துட்டா. அந்த அம்மாவும் நல்ல மனுஷிதான். ஒழுங்காத் தூங்குறேன்னு உன் வாயால நீயே வந்து சொல்லு, சாவியைத் தர்றேன், ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் பார்ப்பேன், அப்பவும் நீ வரலைன்னா இப்ப ஓட்டுற ஆளையே நிரந்தரமா வச்சுக்கிடுவேன்னு சொல்லிட்டாங்க. அதான் விஷயம். அந்த வேன் போனா கனிக்கு மனசு நிக்கிற ஒரே இடமும் போச்சு.

சரி, தூக்கம்தான் தெருவுக்கே வந்துருச்சே, போய்க் காலைக் கழுவிட்டுப் படுக்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அவ வீட்டுக்கும் குழாய்க்கும் பதினாறு எட்டு நடை. அந்தப் பதினாறு எட்டுக்குள்ள அவளுக்கு நாலு வேலை வந்துரும், கொடியில துணி கிடந்தா மடிக்க நிப்பா, செடி வாடியிருந்தா மண்ணைக் கிளறுவா, வந்து சேர்றதுக்குள்ள குழாய் நின்னுரும். ரெண்டு நாள் நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காலைக் காட்டச் சொன்னேன், அருமையாத் தூங்கினா, ஆனா ரெண்டே முக்காலுக்குத் தூங்கினவ பத்தரைக்குத்தான் எந்திரிச்சா, அதுக்குள்ள எந்தப் பள்ளிக்கூடமும் மணியடிச்சுக் கணக்குப் பாடம் முடிச்சிருக்கும். தூக்கம் பத்து மணிக்கு வரணும், இல்லைன்னா வந்தும் பிரயோசனமில்லை.

தெரு சும்மா இருக்குமா. நகராட்சியில போய் எழுதிக் கொடுத்தோம், வர்றது குடிக்கிறதா புழங்குறதான்னு கேட்டாங்க, படுக்கிறதுன்னு சொன்னோம், அதுக்குத் தனி ரிஜிஸ்தர் இல்லைன்னாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தானே. பிறகு நாங்களே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம், அடுத்தவ தூக்கத்துல இனி யாரும் கை வைக்கக் கூடாது, சாக்கடைக்குப் போறதை மட்டும் நாய்க்கு விட்டுரலாம், மத்தது எப்பாடு பட்டாவது கனிக்குப் போய்ச் சேரணும்னு.

இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். எட்டு நாள் தண்ணியைச் சேர்த்து வச்சே பிழைச்ச புத்தி வேற எப்படி யோசிக்கும். ரெண்டு நாப்பதுக்கு வர்றதைப் பிடிச்சு வச்சு, அவளுக்கு வேணுங்கிற நேரத்துல கொடுத்தா என்னன்னு நினைச்சேன். இருநூறு லிட்டர் நீல டிரம் ஒண்ணைக் கழுவி, வெயில்ல காய வச்சு, அஞ்சு ராத்திரித் தூக்கத்தையும் ஒரு சொட்டு விடாமப் பிடிச்சு, வெள்ளைத் துணியால வேடு கட்டி வச்சேன். அந்த அஞ்சு நாளும் கனி கண்ணெல்லாம் சிவந்து கிடந்தா. பொறுத்துக்கோட்டி, சனிக்கிழமை மொத்தமாத் தூங்கிரலாம்னு தைரியம் சொன்னேன். சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாத்தையும் அவ காலுல ஊத்தினோம். ஊத்துறப்பவே லேசா ஒரு புளிச்ச வாடை அடிச்சுச்சு, அதைச் சொல்லாம மறைச்சதும் நான்தான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சா, முகம் வீங்கி, நாக்குத் தடிச்சு, இன்னைக்கு என்ன கிழமைன்னு பால்ராஜைக் கேட்டிருக்கா. அன்னைக்கு ராத்திரி குழாய் ரெண்டு நாப்பதுக்கு வரலை. நாலரைக்கு வந்தது. கனி என் படியில வந்து உட்கார்ந்து, “எனக்குன்னு வந்ததையும் கெடுத்துக்கிட்டேன்”ன்னு சொல்லி அழுதா. கெடுத்தது நான், அழுதது அவ. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாலு வாரம்தான் இருந்துச்சு.

மறுநாள் தண்ணி நாள். மாரீஸ்வரன் வந்தான். வால்வு திறக்கிற பையன், இருபத்தொன்பது வயசு இருக்கும், தோள்ல ஆள் உயரத்துக்கு டி மாதிரி ஒரு இரும்புச் சாவி வச்சிருப்பான், அதை மண்ணுல ஊன்றி மறுமுனையில காதை வச்சுக் கேட்டான்னா, பூமிக்குள்ள குழாய் எங்க போகுது, எங்க கசியுதுன்னு சொல்லிருவான். எனக்கு இருந்த எரிச்சலை அவன்மேல கொட்டினேன், என்னத்துக்குடா இத்தனை பெரிய சாவி, இந்தத் தூக்கத்தைப் பத்து மணிக்குத் திறந்துவிட உனக்குத் துப்பில்லையான்னு.

அவன் கோபப்படலை. “அக்கா, உங்க தெருவுக்குச் சாயங்காலம் தண்ணி வரணும்னா நான் காலையில மேட்டுத்தொட்டியில திறக்கணும். சாயங்காலம் இங்க வந்து குழாயை எத்தனை திருகினாலும் வராது. இதையும் ராத்திரியில திருகிப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க”ன்னான்.

சொல்லிட்டுச் சாவியை மண்ணுல ஊன்றிக் காதை வச்சான், குழாயில இருந்து ஒவ்வொரு எட்டா நகர்ந்து போனான், முப்பத்திரண்டு வீடும் பின்னாலயே போனோம், கனி வீட்டு வாசல், முற்றம், மாடிப்படி, மொட்டைமாடி வரைக்கும் போய், கிழக்குப் பார்த்த மூலையில சாவியை நிறுத்திட்டு, இங்கதான் வால்வு இருக்குன்னான். அங்க ஒண்ணுமே இல்லை. காய்ஞ்ச மிளகா இருந்துச்சு. எத்தனை மணிக்குத் திறக்கணும்னு கேட்டதுக்கு, வெயில் விழுந்த தடத்தைப் பார்த்து, காலையில ஆறுன்னான். எப்படித் திறக்கிறதுன்னு கேட்டதுக்கு, அதுக்கு இந்தச் சாவி சேராது, கனியக்காதான் வந்து நிக்கணும், தூங்கியிருந்தாலும் தூங்காட்டியும் தினமும் அதே நேரம்னுட்டு, அடுத்த தெருவுக்குத் தண்ணி விட நேரமாச்சுன்னு போயிட்டான்.

மறுநாள் திருநெல்வேலிக்குப் போனப்ப கனி டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னா. அவங்களும் ஆச்சரியப்படலை, காலை வெயில், ஒரே நேரத்துக்கு எந்திரிக்கிறது, மாத்திரையைக் காலையிலேயே போடுறது, பகல்ல தூங்காம இருக்கிறது, இதைத்தானே நானும் போன தடவை எழுதிக் கொடுத்தேன்னு கேட்டிருக்காங்க. எழுதித்தான் கொடுத்திருக்காங்க. அந்தச் சீட்டு மிக்ஸிக்கு அடியில இருந்துச்சு.

ஆறு மணிக்கு எந்திரின்னு சொல்றது லேசு. கனி மூணு அலாரம் வச்சா, மூணையும் தூக்கத்துலயே அமர்த்திட்டா. அப்பதான் எனக்கு என் சாக்பீஸ் ஞாபகம் வந்துச்சு. தண்ணிக்கு முறை போடத் தெரிஞ்ச தெருவுக்குக் காலைக்கு முறை போடத் தெரியாதா, நாளுக்கு ஒரு வீடுன்னு என் சுவத்துல நம்பர் எழுதினேன், அன்னைக்கு முறைக்காரங்க டீயோட போய்க் கதவைத் தட்டி, அவளை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கணும். புத்தி சொல்லக் கூடாது. இது முக்கியம், எனக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. தனியா விட்டா அவளால ரெண்டு நிமிஷம் நிக்க முடியாது, பக்கத்துல ஒரு ஆள் வெங்காயம் உரிச்சுக்கிட்டோ, பேப்பர் பார்த்துக்கிட்டோ இருந்தாப் போதும், அவளும் இருப்பா. அக்கினி நட்சத்திரம், ஆறரைக்கே வெயில் முதுகைப் பிடுங்கும், முதல் நாலு நாள் ஒண்ணரை மணி நேரத் தூக்கத்தோட கண்ணீர் ஒழுக நின்னா, பகல்ல தலை சாய்க்க விடாம ஆள் மாத்தி ஆள் பேச்சுக் கொடுத்தோம். அஞ்சாம் நாள் குழாய் நாலேகாலுக்கு வந்தது. அதுக்கு மறுநாள் நாலு. ஒரு கால்மணி நேரம் முன்னால வந்ததுக்கு, எங்க தெருவுல அன்னைக்கு மூணு வீட்டுல கேசரி கிண்டினாங்க.

ராத்திரிக்கும் ஒரு முறை வந்துச்சு. ஒன்பது மணிக்கு அவ போனை நான் வாங்கி என் வீட்டு அரிசிப் பானைக்குள்ள போட்டுருவேன். மனசுல வந்து மோதுற வேலையையெல்லாம் குழாய்க்குப் பின்னால இருக்கிற என் சுவத்துல எழுதிட்டுப் போகச் சொன்னேன், எழுதிட்டா மறந்துரும்கிற பயம் போயிரும்னு அவளே சொன்னா. மிக்ஸி, நாளைக்கு. ஜன்னல் பெயிண்ட், நாளைக்கு. சித்தி மகளுக்குப் போன், நாளைக்கு. காலையில தெருவே அதைப் படிக்கும், சித்தி மகளுக்கு நானே பேசிட்டேன்னு கீழ யாராவது எழுதியிருப்பாங்க. எட்டு நாளைக்கு ஒருதடவை மட்டும் பார்த்துச் சண்டை போட்ட நாங்க, இப்ப ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவை பார்த்துக்கிட்டோம். சண்டை குறைஞ்சுதான் போச்சு, எனக்கே கொஞ்சம் வருத்தம்.

சறுக்கலும் இருந்துச்சு. ஒருநாள் பால்ராஜோட போனை எடுத்து ஒரே ஒரு வீடியோன்னு தொடங்கி நாலு மணி நேரம் பார்த்துட்டா, குழாய் ஒரேயடியா ஒண்ணேகால் மணி நேரம் பின்னால போயிருச்சு. இன்னொரு ஞாயித்துக்கிழமை முறைக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்க, அவ ஒன்பது வரைக்கும் தூங்கிட்டா, ரெண்டு நாள் சம்பாத்தியம் போச்சு. அன்னைக்கு எனக்கு வாய் அரிச்சுச்சு, அடக்கிக்கிட்டேன். நாளைக்கு ஆறு மணிக்கு டீ வரும்னு மட்டும் சொன்னேன். வந்துச்சு, அவளும் மாடிக்கு வந்தா. வைகாசி பிறந்து பத்து நாள்ல குழாய் ஒரு மணிக்கு வந்தது, பிறகு பன்னிரண்டு, பதினொண்ணு, கடைசி வாரம் பத்தே கால். பதினாறு எட்டையும் அவளே நடந்து வந்து, காலைக் காட்டி, வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டுட்டுப் போனா, பார்த்துக்கிட்டிருந்த அத்தனை பேருக்கும் கொட்டாவி தொத்திக்கிச்சு. நாய்களும் பத்து மணிக்கே வந்து சாக்கடையோரம் வரிசையாப் படுத்துக்கிடும்.

பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின சனிக்கிழமை, ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டப் போய், எட்டு நாளா ஒழுங்காத் தூங்குறேம்மா, அதுக்கு முன்னால தூங்கலைன்னு, கூட்டவும் இல்லாம குறைக்கவும் இல்லாமச் சொல்லிச் சாவியை வாங்கிட்டு வந்துட்டா, வேனையும் ஓட்டிட்டு வந்து தெருமுனையில நிறுத்திட்டா. சாவியைத் தொலைச்சுருவேன்னு பயந்து, என்கிட்டக் கேட்டு, குழாய்க் கழுத்துல ஒரு கம்பி சுத்தி அதுல மாட்டினா. தெருவே பார்க்கிற இடம், எங்க போகும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தே காலுக்குக் குழாய் வரலை.

எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தோம், கடைசி நாள்னு ராமர்கூட வந்திருந்தார். பத்தரை ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. குழாயைத் திருகினேன், தட்டினேன், வாயை வச்சு ஊதினேன், காத்துதான் வந்துச்சு. விடிஞ்சா பதினாலு பிள்ளைங்களை ஏத்தணும், இன்னைக்குப் பார்த்து வத்திருச்சே. தூங்காமப் போனா அவ வண்டியைத் தொட மாட்டா, அது எனக்குத் தெரியும், சாவியைத் திரும்பக் கொண்டு போய் மேசை மேல வச்சுருவா. நான் அந்த டிரம்மை நிறைச்சதுக்குத்தான் இந்தத் தண்டனைன்னு தோணுச்சு. சரி, விடிய விடிய அவகூட உட்கார்ந்தாவது இருப்போம்னு எல்லாருமா கனி வீட்டுக்கு நடந்தோம்.

கதவைத் தட்டுறதுக்கு முன்னால பால்ராஜே வெளிய வந்தார், சாய்ஞ்சா எந்திரிக்காத மனுஷன், வாய்மேல விரலை வச்சுக்கிட்டு, கண்ணெல்லாம் கலங்கி.

“அவ ஒன்பதே முக்காலுக்கே தூங்கிட்டா”ன்னார். “அதுபாட்டுக்கு வந்துச்சு.”

ஜன்னல் வழியா ஒவ்வொருத்தரா எட்டிப் பார்த்தோம், வரிசையிலதான். பாதி பெயிண்ட் அடிச்ச ஜன்னல். ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில வச்சு, மழை பெய்யிற மாதிரி ஒரே சீரா மூச்சு விட்டுக்கிட்டிருந்தா. எனக்கு அழுகை வந்துருச்சு, வெட்கமில்லாம அழுதேன். நாய்களுக்குத்தான் பாவம், அதுக ரெண்டு மணி வரைக்கும் காஞ்ச சாக்கடையைப் பார்த்துக் குரைச்சுக்கிட்டே இருந்துச்சுக.

அந்தக் குரைப்புலயும், கனி தூங்கலைன்னு பயந்ததுலயும் நாங்க படுக்கவே நேரமாயிருச்சு. மறுநாள் காலை முறை என் வீடு. நான் தூங்கிட்டேன். கதவு தட்டுற சத்தம் கேட்டு எந்திரிச்சுப் பார்த்தா, காக்கிச் சட்டையும் பொட்டும் தலையில ஈரமுமா கனி நிக்கிறா, கையில ரெண்டு டம்ளர் டீ. மாடியில நின்னுட்டு வந்துட்டாளாம். நாங்க படியில உட்கார்ந்து குடிச்சோம். குடிச்சு முடிச்சு எந்திரிச்சவ, சட்டைப் பையைத் தடவினா, இடுப்பைத் தடவினா, முகம் வெளுத்துப் போச்சு.

“அக்கா, சாவி எங்க?”

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள முப்பத்தொரு வாசல்ல இருந்தும், பல் விளக்கிக்கிட்டும், கோலம் போட்டுக்கிட்டும், இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளிக்கிட்டும் இருந்த அத்தனை பேரும் தலை நிமிராமலே, குழாயிலன்னு சொன்னாங்க.

அவ சிரிச்சுக்கிட்டே போய்ச் சாவியை எடுத்தா, எடுத்த கையோட பழக்கத்துல குழாயையும் திருகினா. ஒண்ணும் வரலை.

“இன்னும் நாலு நாள் இருக்கு”ன்னேன்.

“தண்ணிக்குத்தானேக்கா”ன்னு கேட்டுட்டு, வண்டியை எடுத்தா.